சோலாரிஸ் (1972): பார்த்தவர்களும் பாதியில் நிறுத்தியவர்களும் கேட்கும் கேள்விகள்

தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். முதல் பாதியில் கதையின் திருப்பங்களைச் சொல்லவில்லை. எங்கிருந்து சொல்கிறேன் என்பதை அந்த இடத்தில் குறித்திருக்கிறேன்.

இது என்ன படம்? யாரு எடுத்தது?

மாஸ்கோவின் மாஸ்ஃபிலிம் ஸ்டுடியோ தயாரித்து 1972-இல் வந்த ரஷ்யப் படம். இயக்கியவர் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி. போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1961-இல் வெளியிட்ட அதே பெயர் கொண்ட நாவல்தான் மூலம். திரைக்கதையை தார்க்கோவ்ஸ்கியும் ஃப்ரீத்ரிஹ் கொரென்ஷ்தைனும் சேர்ந்து எழுதினார்கள். ஒளிப்பதிவு வதிம் யூசோவ், இசை எதுவார்த் அர்த்தெமியெவ். 1972 கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

கதை என்னன்னு ரெண்டு வரில சொல்ல முடியுமா?

சோலாரிஸ் என்பது ஒரு தொலைதூரக் கிரகம். அதை மூடியிருக்கும் கடல் முழுவதும் ஒரே உயிர், ஒரே மூளை போல இயங்குகிறது என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும் அதோடு ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. மேலே மிதக்கும் ஆய்வு நிலையத்தில் 85 பேர் தங்க இடமிருக்கிறது. இப்போது இருப்பது மூன்றே பேர். அவர்களிடமிருந்து வரும் செய்திகளும் குழப்பமாக இருக்கின்றன. நிலையத்தைத் தொடர்ந்து நடத்துவதா மூடுவதா என்று பார்த்துச் சொல்ல கிரிஸ் கெல்வின் என்ற உளவியலாளரை அனுப்புகிறார்கள்.

அங்கே அவருக்கு ஒரு விருந்தாளி வருகிறார். அது யார் என்பது பார்க்கும்போது தெரிந்தால் போதும்.

எவ்வளவு நீளம்? எங்க பார்க்கிறது? நிறைய வெர்ஷன் இருக்கே?

இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். இரண்டு பாகங்கள். அதைவிட மிகவும் குறைவான நீளத்தில் ஒரு பிரதி கையில் கிடைத்தால், அது வெட்டிச் சுருக்கியது, அதைத் தொடாதீர்கள். மாஸ்ஃபிலிம் தன் பழைய படங்களைத் தானே யூடியூபில் ஆங்கில சப்டைட்டிலோடு ஏற்றியிருக்கிறது, அதில் தேடிப் பாருங்கள்.

இதே நாவலை வைத்து இன்னும் இரண்டு படங்கள் உண்டு. 1968-இல் சோவியத் தொலைக்காட்சிக்காக போரிஸ் நிரென்பர்க் கறுப்பு வெள்ளையில் எடுத்தது ஒன்று. 2002-இல் ஸ்டீவன் சோடர்பெர்க் ஹாலிவுட்டில் ஜார்ஜ் குளூனியை வைத்து எடுத்தது இன்னொன்று. இந்தப் பக்கம் முழுக்க 1972 படத்தைப் பற்றி மட்டும்தான்.

நாவல் படிக்காம பார்த்தா புரியுமா?

தாராளமாகப் புரியும். சொல்லப்போனால் நாவலைப் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நாவலின் முதல் பக்கங்களிலேயே கெல்வின் கிரகத்துக்குக் கிளம்பிவிடுகிறார். படத்திலோ அப்பா, வீடு, குளம் என்று பூமியிலேயே வெகுநேரம் இருக்கிறோம். ஏன் இந்த மாற்றம், அதற்கு லெம் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முக்கால் மணி நேரம் ஆச்சு, இன்னும் பூமியிலயே இருக்காங்க. ஒண்ணுமே நடக்கலையே?

அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். பலர் படத்தை நிறுத்துவதும் இங்கேதான். நடக்கிறது, ஆனால் வசனத்தில் நடக்கவில்லை. முதல் ஷாட்டில் ஓடும் தண்ணீருக்கு அடியில் பாசிக்கொடிகள் அசைகின்றன. கெல்வின் அப்பாவின் வீட்டைச் சுற்றி மெல்ல நடக்கிறார். மழை வருகிறது, அவர் வராந்தாவிலேயே நனைந்துகொண்டு நிற்கிறார், மேஜையில் இருக்கும் தேநீர்க் கோப்பையில் மழை விழுகிறது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர்ச் செடி, வீடு, மழை. இரண்டரை மணி நேரம் கழித்து இவை திரும்பி வரும்போது, இங்கே கவனமாகப் பார்த்தவருக்கு மட்டும்தான் நெஞ்சு அடைக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. பெர்ட்டன் என்ற பழைய விமானி, அந்தக் கடல்மேல் நான்கு மீட்டர் உயரக் குழந்தையைப் பார்த்ததாக விசாரணைக் குழுவிடம் சொன்ன பதிவு ஓடுகிறது. அவர் எடுத்த படத்திலோ வெறும் மேகம்தான் இருக்கிறது, யாரும் நம்பவில்லை. தேவைப்பட்டால் கடலைக் கதிர்வீச்சால் தாக்கவும் செய்யலாம் என்ற மாதிரி கெல்வின் பேச, பெர்ட்டன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கெல்வின் எவ்வளவு இறுகிப்போன ஆள் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. பிறகு அவர் உடைவதைத்தான் படம் காட்டப் போகிறது.

அஞ்சு நிமிஷம் கார் ஓடிக்கிட்டே இருக்கே, அது எதுக்கு? அது எந்த ஊரு?

டோக்கியோ. 1971 இலையுதிர் காலத்தில் அகசாகா பகுதியின் மேம்பாலங்களிலும் சுரங்கச் சாலைகளிலும் எடுத்தது. சாலைப் பலகைகளில் ஜப்பானிய எழுத்தே தெரியும். 1970-இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியைப் படம்பிடித்து எதிர்கால நகரமாகக் காட்டத்தான் முதலில் திட்டம். அனுமதி வர நேரமாகி, கண்காட்சியே முடிந்துவிட்டது.

எதற்கு என்றால், காரில் போவது பெர்ட்டன். போகிற வழியில் வீடியோ தொலைபேசியில் அழைத்து ஒரு தகவல் சொல்கிறார்: கடல்மேல் பார்த்த குழந்தை, அங்கே காணாமல்போன ஃபெக்னர் என்ற விஞ்ஞானியின் மகனைப் போலவே இருந்ததாம். அதாவது அந்தக் கடல், மனிதனின் மனதிலிருந்து ஒரு பிள்ளையை எடுத்து உருவம் கொடுத்திருக்கிறது. இதைச் சொன்ன பிறகு பேச்சே இல்லை. சுரங்கம், விளக்கு, மறுபடி சுரங்கம். அர்த்தெமியெவின் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இரைச்சலாகிறது. அப்புறம் சட்டென்று வெட்டி, அமைதியான வீட்டுக் குளம். கேட்ட செய்தியை அசைபோட நமக்குக் கிடைக்கும் நேரம் அது. நீளம் கொஞ்சம் அதிகம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைபோட மாட்டேன். ஆனால் வேகமாக ஓட்டிப் பார்த்தால் அந்த வெட்டின் அடி விழாது.

விண்வெளிப் படம்னு சொன்னாங்க, ராக்கெட்டையே காணோமே?

சரியான கவனிப்பு. பயணமே ஓரிரு நிமிடம்தான். கெல்வினின் கண்கள் நெருக்கத்தில், சுற்றி நட்சத்திரங்கள். 'எப்போது கிளம்புகிறோம்?' என்று கேட்கிறார். 'ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கிறாய், கிரிஸ்' என்று பதில் வருகிறது. அவ்வளவுதான். காருக்கு ஐந்து நிமிடம், கிரகங்களுக்கு இடையே போக ஒரு நிமிடம்.

வேண்டுமென்றே செய்தது இது. நாம் டிராமில் பயணிகள் ஏறுவதை எவ்வளவு சாதாரணமாகப் படமெடுப்போமோ, அப்படித்தான் எதிர்காலப் படத்தில் விண்கலம் இறங்குவதையும் எடுக்க வேண்டும் என்பது தார்க்கோவ்ஸ்கியின் கருத்து. அதனால்தான் கலை இயக்குநர் மிகயீல் ரோமாதின் அமைத்த நிலையமும் பளபளப்பாக இல்லை. வட்டமான நடைபாதையில் கம்பிகள் தொங்குகின்றன, தரையில் குப்பை கிடக்கிறது. ஆளில்லாமல் பாழாய்ப்போன விடுதியில் மீதியிருக்கும் மூன்று பேரின் அலங்கோலம் அப்படியே தெரிகிறது.

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்கு ரஷ்யாவோட பதிலடியா இது?

அப்படி விளம்பரம் செய்தார்கள், அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001' வந்தது 1968-இல். தார்க்கோவ்ஸ்கி 'சோலாரிஸ்' எடுக்கும் யோசனையை முன்வைத்ததும் அதே ஆண்டு. குப்ரிக்கின் படத்தைப் பார்த்தபோது, உயிரில்லாமல் குளிர்ந்து கிடக்கிறது, கருவிகளைக் காட்டுவதிலேயே மூழ்கிவிட்டது என்று குறைபட்டார். ஆக மறுப்பு உண்டு. ஆனால் போட்டி என்ற கோணத்தில் பார்த்தால் இரண்டு படமுமே குறுகிவிடும். குப்ரிக்கின் மனிதன் பூமியை விட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கிறான். கெல்வின் எவ்வளவு தூரம் போனாலும் தன் வீட்டு விஷயத்தை விட்டு ஓர் அடி நகர முடியவில்லை.

திடீர்னு கறுப்பு வெள்ளை ஆகுது, திடீர்னு கலர் வருது. இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?

பெர்ட்டனின் விசாரணைப் பதிவு பழையது, அதனால் கறுப்பு வெள்ளை என்று சொல்லிவிடலாம். மற்ற இடங்களுக்கு அப்படி ஒரே விதி பொருந்தாது. வெளிநாட்டு வண்ண ஃபிலிம் அங்கே எளிதில் கிடைக்காத சரக்கு, அளந்துதான் கொடுப்பார்கள். அந்தத் தட்டுப்பாட்டை யூசோவும் தார்க்கோவ்ஸ்கியும் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் குறியீடு தேடினால் படம் கையைவிட்டுப் போய்விடும்.

வாய் அசைவும் குரலும் சேரலையே, பிரிண்ட் கோளாறா?

கோளாறு இல்லை. கெல்வினாக நடித்த தொனாதாஸ் பானியோனிஸ் லித்துவேனியர். அவருக்கு விளாதிமிர் ஜமான்ஸ்கி குரல் கொடுத்தார். நிலையத்து விஞ்ஞானி ஸ்னாவுட்டாக வரும் யூரி யார்வெத் எஸ்தோனியர், அவருக்கும் இரவல் குரல்தான். இன்னொரு விஞ்ஞானி கிபாரியனாக வருபவர் ஆர்மீனியர். சோவியத் ஒன்றியத்தின் நாலா பக்கத்திலிருந்தும் நடிகர்கள் வந்த படம்.

அந்தக் கடலை எப்படி எடுத்தாங்க? கிராபிக்ஸே இல்லாத காலமாச்சே?

அசிட்டோன், அலுமினியத் தூள், சாயங்கள். இவற்றைக் கலந்து, அது சுழல்வதை மிக அருகிலிருந்து படம்பிடித்தார்கள். வெள்ளிப் படலம் சுருண்டு, பிரிந்து, மறுபடி கூடுவது ஏதோ யோசிப்பது போலவே இருக்கும். இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியாத விஷயம் இந்தப் படத்தில் இதுதான்.

கடவுள், ஐகான் ஓவியம், பாக் இசைன்னு இவ்வளவு வருதே, சோவியத் அரசு எப்படி விட்டுச்சு?

எளிதில் விடவில்லை. தார்க்கோவ்ஸ்கியின் முந்தைய படமான 'ஆந்த்ரேய் ருப்லியோவ்' 1966-இல் முடிந்தும் 1971 வரை சோவியத் திரையரங்குகளுக்கு வரவில்லை. தன் குழந்தைப்பருவம் பற்றி எழுதிய திரைக்கதைக்கும் அப்போது அனுமதி இல்லை. அறிவியல் புனைகதை என்றால் அதிகாரிகளுக்குப் பயமில்லை, மக்களும் பார்ப்பார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்.

படம் முடிந்த பிறகு, 1972 ஜனவரியில் அதிகாரிகளின் ஆட்சேபங்கள் 35-ஐத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கடவுள் என்ற கருத்தை எடு, கிறிஸ்தவத்தை எடு, எதிர்கால பூமியைத் தெளிவாகக் காட்டு என்பவை சில. கெல்வின் கால்சட்டை இல்லாமல் நடக்கும் காட்சிகளை வெட்டு என்பதும் அதில் ஒன்று. இதையெல்லாம் செய்தால் படமே மிஞ்சாது என்று தெரிந்து அவர் பெரிதாக விட்டுக்கொடுக்கவில்லை. மார்ச் மாத இறுதியில் படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1973 பிப்ரவரியில் மாஸ்கோவில் திரையிடப்பட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய அரங்குகளில் ஓடியும் ஒரு கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. 'மக்களுக்குப் புரியாது' என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

(இனி வரும் பதில்களில் கதை முழுவதும் வருகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

ஹாரி யாரு? பேயா, ரோபோவா, மனுஷியா?

பத்து ஆண்டுகளுக்கு முன், சண்டைபோட்டுக் கெல்வின் வீட்டை விட்டுப் போன சமயத்தில் விஷ ஊசி போட்டுக்கொண்டு இறந்துபோன அவர் மனைவி ஹாரி. கெல்வின் தூங்கும்போது அந்த நினைவைக் கடல் படித்து உருவம் கொடுத்திருக்கிறது. நியூட்ரினோ என்ற நுண்துகள்களால் ஆன உடல் என்கிறது படம். காயம் பட்டால் நிமிடங்களில் ஆறும், செத்தாலும் எழும்.

ஆனால் இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் வேண்டாம், அவள் உடையைப் பார்த்தால் போதும். முதுகில் கயிறு கோத்த உடை. கழற்ற உதவப்போகும் கெல்வின் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தால் கீழே திறப்பே இல்லை. துணி முழுசாக இருக்கிறது. கத்தரிக்கோல் எடுத்து வெட்ட வேண்டியிருக்கிறது. கெல்வினின் நினைவில் உடையின் தோற்றம் மட்டும் இருந்தது, எப்படித் திறக்கும் என்பது இல்லை. எழுத்துத் தெரியாத குழந்தை எழுத்தைப் பார்த்து வரைவது போலக் கடல் அதை வரைந்துவிட்டது. கையில் ஊசி குத்திய தடம் மட்டும் அச்சு அசலாக இருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் அவர் மறக்கவே இல்லை. பயத்தில் அவளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். அவள் மறுபடி வருகிறாள், அதே உடை, அதே சால்வை. இந்தமுறை அவளே கத்தரிக்கோலை எடுக்கிறாள்.

மனுஷியா என்ற கேள்விக்கு நூலகக் காட்சியில் அவளே பதில் சொல்கிறாள். 'நீ வெறும் நகல்' என்று நிலையத்தின் மூன்றாவது விஞ்ஞானி சர்தோரியஸ் முகத்துக்கு நேரே சொல்லும்போது, நான் மனுஷியாகிக்கொண்டிருக்கிறேன், உங்களைவிடக் குறைவாக நான் எதையும் உணரவில்லை என்கிறாள். அந்த அறையில் இருக்கும் நால்வரில் மனிதத்தன்மை அதிகம் உள்ளவர் அவள்தான் என்று நான் நினைக்கிறேன். நடாலியா பொந்தார்ச்சுக்கின் முகம் எனக்கு வேறு முடிவுக்கு இடமே தரவில்லை.

மத்தவங்களுக்கு வந்த விருந்தாளி யாரு? ஏன் காட்டல?

கொஞ்சம் காட்டுகிறார்கள். தற்கொலை செய்துகொண்ட கிபாரியனுக்கு ஓர் இளம்பெண், சர்தோரியஸின் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே ஓடிவரும் ஒரு குள்ள உருவம், ஸ்னாவுட்டின் அறையில் யாரோ ஒருவரின் காது. அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தன் வெட்கமே விருந்தாளியாக வந்திருக்கிறது. அதை அடுத்தவரிடம் எப்படிக் காட்டுவார்கள்?

எனக்கு இன்னொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. காற்றுத் துவாரத்தில் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் கட்டச் சொல்கிறார் ஸ்னாவுட். இரவில் இலை சலசலப்பது போலக் கேட்குமாம். கிபாரியன் கண்டுபிடித்தது அது. கிண்டலடித்த சர்தோரியஸும் தன் அறையில் ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறார். அந்த இறுகின விஞ்ஞானியைப் பற்றி இதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ரெண்டு பேரும் மிதக்கிறாங்களே, அந்தக் காட்சி அழகா இருக்கு, ஆனா எதுக்குன்னு புரியல.

நிலையம் பாதை மாறுவதால் முப்பது வினாடி எடை இல்லாமல் போகும் என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன் ஹாரி, நூலகச் சுவரில் இருக்கும் புரூகெலின் 'பனியில் வேட்டைக்காரர்கள்' ஓவியத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கேமரா ஓவியத்துக்குள்ளேயே நடக்கிறது, நாய், பறவைச் சத்தம் கேட்கிறது. கெல்வின் கொண்டுவந்த வீட்டுப் படத்தில் பார்த்த பனியும் சிறுவனும் அவளுக்குள் வந்துபோகிறது. பூமியில் கால் வைக்காத ஒருத்தி, பூமியை இப்படித்தான் கற்றுக்கொள்கிறாள். பிறகு பாக்கின் இசை ஒலிக்க, மெழுகுவர்த்தித் தண்டும் திறந்த புத்தகமும் மிதக்க, இருவரும் அணைத்தபடி மேலே எழுகிறார்கள்.

அடுத்து அவள் திரவ ஆக்ஸிஜன் குடித்துத் தரையில் உறைந்து கிடக்கிறாள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் பதில். நேசிக்கப்படுவது தெரிந்த அதே நேரத்தில், தன்னால் அவருக்கு வதை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தைய ஹாரி சாகக் காரணம் அவர். இந்த ஹாரி சாக நினைப்பது அவருக்காக.

கடைசில கெல்வின் வீட்டுக்குத்தான் போனாரா இல்லையா?

இல்லை. கேமரா மேலே எழும்போது அந்த வீடு, குளம், மரம் எல்லாம் கடலின் நடுவே ஒரு தீவில் இருப்பது தெரிகிறது. கெல்வினின் மூளை அலைகளை எக்ஸ்ரே கதிர்வழியாகக் கடலுக்கு அனுப்பிய பிறகு, விருந்தாளிகள் வருவது நின்று தீவுகள் உருவாகின்றன என்று ஸ்னாவுட் சொல்வது ஞாபகம் இருக்கட்டும்.

கேமரா எழும் முன்பே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஆரம்பத்தில் மழை வெளியே பெய்தது. இப்போது கெல்வின் ஜன்னல் வழியே பார்க்கும்போது வீட்டுக்குள்ளே பெய்கிறது. அப்பாவின் தோளில் தண்ணீர் கொட்டி ஆவி பறக்கிறது, அவர் கவனிக்கவே இல்லை. உடையில் திறப்பை விட்ட அதே தவறு. வீடு என்றால் மழை என்று கடல் படித்திருக்கிறது, எந்தப் பக்கம் பெய்யும் என்பது அதற்குத் தெரியவில்லை.

அப்படியானால் வாசலில் அவர் மண்டியிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொள்வது பொய்யா என்று கேட்பவர்கள் உண்டு. ரெம்பிராண்ட் வரைந்த ஊதாரி மகனின் திரும்பல் ஓவியத்தைப் போலவே அமைத்த காட்சி அது. அப்பா நகலாக இருக்கலாம். மண்டியிடுகிறவர் நிஜமான கெல்வின், அவருடைய வருத்தமும் நிஜம். ஹாரியை நிஜமென்று ஏற்றுக்கொண்டவர்கள் இங்கே மட்டும் மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

லெம்முக்கு இந்தப் படம் பிடிக்கவே இல்லையாமே? அப்ப யாரு பக்கம் நியாயம்?

பிடிக்கவில்லைதான். திரைக்கதையின் ஆரம்ப வடிவத்தில் பெரும்பகுதி பூமியிலேயே நடந்தது, கெல்வினுக்கு இன்னொரு மனைவியும் இருந்தாள். லெம் எதிர்த்ததால் அது மாறியது. மாஸ்கோவுக்கே வந்து வாதாடிப் பார்த்துக் கோபத்தோடு திரும்பினார். தார்க்கோவ்ஸ்கி எடுத்தது சோலாரிஸ் இல்லை, தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவல் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் நாவலின் மையம் கடல்: மனித அறிவால் எந்த நாளும் எட்ட முடியாத ஒன்றின் முன்னால் நிற்பது. நாவலின் கெல்வின் கடைசியில் வீட்டையோ அப்பாவையோ தேடவில்லை. ஒன்றும் புரியாமலே, எதற்கோ காத்துக்கொண்டு அந்தக் கிரகத்தில் தங்கிவிடுகிறார்.

தன் புத்தகத்தைப் பற்றி லெம் சொன்னது முழுக்கச் சரி. கடலின் அந்நியத்தன்மை படத்தில் பாதிதான் இருக்கிறது. அதற்கு நாவலைத்தான் படிக்க வேண்டும். ஆனால் 'குற்றமும் தண்டனையும்' என்ற வார்த்தையை அவர் வசையாகச் சொன்னார், நான் அதைப் படத்தின் துல்லியமான வர்ணனையாக எடுத்துக்கொள்கிறேன். செய்த தப்பு கண்முன்னே வந்து உட்கார்ந்து 'என்னை நேசிக்கிறாயா' என்று கேட்டால் என்ன செய்வாய் என்பதுதான் தார்க்கோவ்ஸ்கியின் கேள்வி. அதைக் கேட்க விண்வெளி அவருக்கு வசதியாக இருந்தது. படத்தை முதலில் பாருங்கள், ஒரு மாதம் விட்டு நாவலைப் படியுங்கள். அந்த வரிசையில் இரண்டுமே ஒன்றையொன்று கெடுக்காது.